மிஸ்ரியின் இடது முன்னங்கால்

மிஸ்ரி நொண்டுகிறது என்று அடையாற்றில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வாயால் சொல்லியிருந்தால் வாயாலேயே திருப்பிக் கொடுத்திருக்கலாம். இது நான்கு பக்கத் தாள். மேலே முத்திரை, நடுவில் மலை மலையாய் ஏறி இறங்கும் கோடுகள், கடைசியில் பச்சை மையில் கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே வாங்கிய பட்டங்கள் மட்டும் ஒன்றரை வரி.

கமர் ஜஹான் அந்தத் தாளை நேராக ஒரு தரமும் தலைகீழாக ஒரு தரமும் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. குதிரை படிக்க வரும்.

"இன்னாங்க இது, கோலம் போட்டுக் குடுத்துக்கீறாங்க?"

"கோலம் இல்ல கமர், கிராப்பு. இடது முன்னங்கால்ல கோளாறாம். ஒவ்வொரு அடிக்கும் காலைத் தூக்கித் தலையை ஆட்டுதாம்" என்றான் அவள் புருஷன் இனாயத்.

"எப்போ ஆட்டுச்சு?"

"அங்க உள்ள நடக்க வெச்சப்போ."

"அடையாறுலேர்ந்து இங்க வர்ற வரைக்கும் ஆட்டலியே?"

"வந்து வந்து போவுமாம்."

"வந்து வந்து போறதுக்கு அது இன்னா கார்ப்பரேஷன் தண்ணியா?"

இனாயத் தாளை வாங்கி, கசங்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நல்ல மனிதன்தான். ஆனால் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்ட ஒருவர் இது ராத்திரி என்று சொன்னால், நட்ட நடுப் பகலில் விளக்கைத் தேடுகிற ஆள்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால், ஒரு ஆட்டோவும் ஒரு குதிரையும் எதிரெதிரே வந்தால் ஆட்டோதான் பின்வாங்க வேண்டும் என்கிற அகலத்தில் ஒரு சந்து. அதில் அவர்கள் வீடு. வீட்டை ஒட்டினாற்போல் தகரக் கொட்டகை. கொட்டகையில் மிஸ்ரி. மிஸ்ரி என்றால் அவர்கள் பாஷையில் கற்கண்டு. நிறமும் அதேதான், பழுப்பு ஓடிய வெள்ளை.

கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைச் சுமக்கிற குதிரை அது. தெருமுனையிலிருந்து மண்டப வாசல் வரைக்கும் போகும். பேண்ட் செட்டுக்காரன் அடிக்க ஆரம்பித்தால் இடது முன்னங்காலை மார்பு வரைக்கும் தூக்கும், ஒரு கணம் நிறுத்தும், பூ வைக்கிற மாதிரி கீழே வைக்கும், தலையை ஒரு பக்கமாகத் தாழ்த்தும். மறுபடி தூக்கும். தி.நகரிலும் அபிராமபுரத்திலும் மாப்பிள்ளையைப் பார்க்க வந்த கூட்டம் குதிரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது.

அந்த ஆட்டத்தைப் பழக்கியது இனாயத் இல்லை, கமர் ஜஹான். சாட்டையை அவள் தொட்டதில்லை. தவிட்டு டின்னைக் கவிழ்த்துப் போட்டு, கரண்டிக் காம்பால் ஒரே சீராகத் தட்டுவாள். டண், டண், டண். மிஸ்ரி இடது காலைத் தூக்கினால் ஒரு துண்டு வெல்லம். தலையைத் தாழ்த்தினால் இன்னொரு துண்டு. வலது காலைத் தூக்கினால் ஒன்றும் கிடையாது, முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எட்டு மாதம் இப்படி. எட்டாவது மாதம் மிஸ்ரி ஆடியபோது சந்தே வந்து நின்று பார்த்தது.

இப்படிப்பட்ட குதிரையைத்தான் நொண்டி என்று எழுதிவிட்டார்கள்.

எப்படி அங்கே போய் மாட்டிக்கொண்டார்கள் என்று கேட்கிறீர்களா? எல்லாம் ஒரு சான்றிதழால் வந்தது. இப்போதெல்லாம் கல்யாண மண்டபங்களில் குதிரைக்கும் தகுதிச் சான்று கேட்கிறார்கள். எங்கோ ஒரு குதிரை ஊர்வலத்தில் மயங்கி விழுந்து, அதை யாரோ படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பி, அதிலிருந்து இந்த வழக்கம். கேட்பதில் தப்பும் இல்லை. அந்த நேரம் பார்த்து அடையாற்றிலிருந்து அழைப்பு வந்தது. இலவசப் பரிசோதனை, பூச்சி மருந்து, கையோடு சான்றிதழ்.

கடலோரக் கால்நடை ஆய்வு மையம் என்று பெயர். ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற பெரிய கட்டடம். கால்நடை என்று ஒன்றையும் அங்கே சாதாரண நாளில் பார்க்க முடியாது, கார்கள்தான் நிற்கும். அதற்குத் தலைவர் டாக்டர் கஸ்தூரிரங்கன். முப்பது வருடமாகக் குதிரையின் நடையைப் பற்றியே எழுதுகிறவர். குதிரைக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றால் அடுத்த ஐந்து நிமிடம் சட்டையைத் தட்டிக்கொண்டிருப்பார்.

முதல் நாள் பன்னிரண்டு குதிரைகள் போயின. பதினொன்று கடற்கரையில் சவாரி ஓடுகிறவை. பன்னிரண்டாவது மிஸ்ரி. குதிரையின் உச்சந்தலையில் ஒரு கருவி, இடுப்பில் ஒரு கருவி ஒட்டி, கதவடைத்த நீளக் கூடத்தில் ரப்பர் தரையில் நடக்க வைப்பார்கள். கருவி சொல்வதைக் கணினி எழுதிக்கொள்ளும். சொந்தக்காரர்கள் வாசலுக்கு வெளியே.

"இன்னாப்பா நாகராஜ், உள்ள பிரசவமா நடக்குது, எங்கள வெளிய நிறுத்திக்கீற?" என்று கமர் ஜஹான் வாட்ச்மேனைக் கேட்டாள்.

"ரூல்ஸ் அக்கா. ஓனரைப் பாத்தா குதிரை நடிக்குமாம்."

"குதிரையா நடிக்கும்? சரிதான்."

சாயந்திரம் பதினொரு குதிரைகளுக்குச் சான்றிதழ் வந்தது. அதில் அஃப்தாபின் பழுப்புக் குதிரையும் ஒன்று. அஃப்தாப் இனாயத்தின் சித்தப்பா மகன், கமர் ஜஹான் அவனுக்கு பாபி, அதாவது அண்ணி. அந்தக் குதிரை வாசலைத் தாண்டி வரும்போதே கமர் ஜஹான் பார்த்துவிட்டாள். கொதிக்கிற மணலில் நடக்கிற மாதிரி பின்னங்கால் இரண்டையும் எடுத்து எடுத்து வைத்தது.

"ஏ அஃப்தாப், புது லாடம் அடிச்சியா? ஆணி உள்ள போயிருக்குது பாரு, ரெண்டு கால்லயும்."

"இன்னா பாபி நீ, மெஷினே சூப்பர்னு சொல்லிட்ச்சு. இதோ சர்ட்டிபிகேட்."

"அப்போ சர்ட்டிபிகேட்டுல ஏறி சவாரி போ."

மறுநாள் லாடக்காரன் வந்து இரண்டு குளம்பிலிருந்தும் ஆணியைப் பிடுங்கியபோது ரத்தம் வந்தது. ஒரு கால் மட்டும் நொண்டியிருந்தால் கருவிக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும். இரண்டும் ஒரே மாதிரி நொண்டியதால் ரொம்ப சமமான நடை என்று எழுதிவிட்டது. கருவியைக் குறை சொல்ல முடியாது, அதற்குக் கண் கிடையாது. பக்கத்தில் நின்றவர்களுக்கு ஆளுக்கு இரண்டு கண் இருந்தது.

மிஸ்ரிக்கு மட்டும் சான்றிதழ் இல்லை. அந்த நான்கு பக்கத் தாள்தான். அதற்கப்புறம் இரண்டு வாரத்தில் நான்கு முறை கூப்பிட்டார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு சுத்தம். ரத்தம் எடுத்தார்கள், ரத்தமும் சுத்தம். பிறகு வலி எங்கே என்று தேடுவதற்காக மரத்துப்போகிற ஊசி போட்டார்கள். முதலில் குளம்புக்கு, அப்புறம் கணுவுக்கு, அப்புறம் முட்டிக்கு. கால் முழுக்க மரத்துப்போன பிறகும் மிஸ்ரி தூக்கித் தூக்கித்தான் வைத்தது, தலையை ஆட்டியது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள் கண்ணுகளா. மரத்துப்போன காலும் நொண்டுகிறது என்றால் வலி காலில் இல்லை. அதுவரைக்கும் சரி. ஒருவேளை வலியே இல்லையோ என்பது அடுத்ததாகத் தோன்ற வேண்டும். உங்களுக்குத் தோன்றும், எனக்குத் தோன்றும். கஸ்தூரிரங்கனுக்கு, உலகத்தில் இதுவரை யாரும் கண்டுபிடிக்காத வலி இது என்று தோன்றியது. அதற்குப் பெயரும் வைத்துவிட்டார். என்ன பெயர் என்கிறீர்கள்? கஸ்தூரிரங்கன் நடைக்கோளாறு.

நான்காம் முறை இரண்டு பேரையும் தன் அறைக்குள் உட்கார வைத்துப் பேசினார். ஏசி குளிரில் இனாயத் கையைக் கட்டிக்கொண்டான். பக்கத்தில் நிரஞ்சன் நின்றான். அவரிடம் ஆறு வருடமாக ஆராய்ச்சி செய்கிறவன், கருவியெல்லாம் அவன் பொறுப்பு. வயது முப்பத்தைந்து இருக்கும், முன்மண்டை வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது.

"இது முதுகுத்தண்டுல வர்ற பிரச்சினை. குதிரை ஒவ்வொரு அடியும் வேதனையோடதான் வைக்குது" என்றார் கஸ்தூரிரங்கன்.

"சார், அது ஆடுற குதிரை சார்" என்றாள் கமர் ஜஹான். "காலைத் தூக்கித் தலையைத் தாழ்த்துறது ஆட்டம். நான் பழக்கினது."

"பேண்ட் சத்தத்துக்குத்தானே ஆடும்?"

"ஆமா சார்."

"எங்க கூடத்துல பேண்ட் இல்லையேம்மா. கதவு சாத்தியிருக்கு, வெளிச் சத்தம் உள்ள வராது." இப்போது அவர் குரல் சாந்தமாகிவிட்டது. "நீங்க வேற மாதிரி யோசிச்சுப் பாருங்க. ஆட்டம்னு நீங்க நெனச்சதே இந்த நோயோட ஆரம்பமா இருக்கலாம். இல்லேன்னா நீங்க பழக்கினதாலயே நரம்பு கெட்டுப்போயிருக்கலாம். இப்போ அது நிறுத்த முடியாம செய்யுது."

கமர் ஜஹானுக்கு வாய் அடைத்துப்போனது. இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் இனாயத் அதை முதல் தடவையாகப் பார்த்தான்.

அவர் ஒரு தாளை மேசை மேல் தள்ளினார். சனிக்கிழமை காலையில் வலியில்லாமல் உயிர் போகிற ஊசி. அதற்குப் பிறகு முதுகுத்தண்டை எடுத்து, காகிதம் போல் சீவி, கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்கள். வியாழக்கிழமை டெல்லியிலிருந்து இரண்டு பேரும் வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மாளும் வருகிறார்கள். அவர்கள் முன்னால் மிஸ்ரியைக் கடைசியாக ஒரு முறை நடக்க வைத்துவிட்டு, அங்கேயே கையெழுத்து.

"உங்க குதிரை பேரு உலகம் முழுக்கத் தெரியும்" என்றார் கஸ்தூரிரங்கன். மிஸ்ரியின் பெயர் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. பன்னிரண்டு என்ற எண்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் கமர் ஜஹான் மிஸ்ரியைச் சந்தில் மேலும் கீழும் நடத்திப் பார்த்தாள். முன்னால் நின்று பார்த்தாள், பின்னால் போய்ப் பார்த்தாள், குனிந்து குளம்புச் சத்தத்தைக் கேட்டாள். நாலு காலும் ஒரே சத்தம். ஆனால் வந்து வந்து போகும் என்று சொன்னாரே. தவிட்டு டின்னை மட்டும் அவள் தொடவே இல்லை. தட்டினால் மிஸ்ரி காலைத் தூக்கும். தூக்கினால் அது ஆட்டமா வேதனையா என்று இனிமேல் எப்படித் தெரிந்துகொள்வது? எட்டு மாதம் வெல்லம் கொடுத்துக் கொடுத்து ஒரு நல்ல உயிரின் நரம்பைக் கெடுத்துவிட்டோமோ என்று நெஞ்சு அரித்தது.

"நோவோட நடக்க வெச்சு நாம சோறு துன்னா அந்தப் பாவம் நம்மள விடாது கமர்" என்றான் இனாயத். அவன் மனசுக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி நான் பாக்கணும்" என்றாள்.

"இன்னாத்த?"

"அங்க எப்படி நடக்குதுன்னு. எல்லாத்தையும் படம் புடிச்சு வெச்சுக்கீறாங்க இல்ல? டாக்டராண்ட கீற அந்தத் தம்பிய அனுப்ப சொல்லு."

நிரஞ்சன் புதன்கிழமை காலையில் அனுப்பினான். கமர் ஜஹான் அடுப்படியில் நின்றுகொண்டு, டீ ஒரு பக்கம் கொதிக்க, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்த்தாள். நீளக் கூடம். ரப்பர் தரை. மிஸ்ரியைப் பிடித்துக்கொண்டு யாரோ நடக்கிறார்கள். மிஸ்ரி காலைத் தூக்குகிறது, தலையைத் தாழ்த்துகிறது. உள்ளபடியே பார்க்கச் சகிக்கவில்லை. கூட ஒரு சத்தம், மைக்ரோவேவ் அடுப்பு கூப்பிடுகிற மாதிரி. பீப். பீப். பீப்.

அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கொட்டகை. அங்கிருந்து இன்னொரு சத்தம் வந்தது. டக்.

அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கொட்டகையில் மிஸ்ரி இடது முன்னங்காலை மார்பு வரைக்கும் தூக்கி நிறுத்தியிருந்தது. பூ வைக்கிற மாதிரி கல் தரையில் வைத்தது. டக். தலையைத் தாழ்த்தியது.

கமர் ஜஹான் போனை அணைத்தாள். மிஸ்ரி நின்றது. போனை ஓட விட்டாள். பீப். மிஸ்ரி காலைத் தூக்கியது. அணைத்தாள். நின்றது. டீ பொங்கி அடுப்பில் வழிந்து அணைந்தே போயிற்று. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். மிஸ்ரி அவள் கையைத்தான் பார்த்தது. வெல்லம் எங்கே என்று.

அவள் அழவில்லை. திட்டினாள். அவர்கள் வீட்டு உருதுவில் உள்ள நல்ல வசவுகள் எல்லாவற்றையும் சொல்லித் திட்டினாள், அவற்றை நான் இங்கே எழுத மாட்டேன். இரண்டு வாரம், நான்கு முறை, கூப்பிட்ட போதெல்லாம் இந்தக் குதிரை ஆடிக் காட்டியிருக்கிறது. காலை மரத்துப்போக வைத்த பிறகும், தூக்குகிற கால் எங்கே இருக்கிறது என்று தெரியாமலேயே ஆடியிருக்கிறது. அத்தனை பட்டம் வாங்கினவர்களில் ஒருவருக்கும் ஒரு துண்டு வெல்லம் கொடுக்கத் தோன்றவில்லை.

நிரஞ்சனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அந்த வீடியோல பீப் பீப்னு ஒண்ணு கத்துதே, அது இன்னா?"

"அது பீப்பர் மேடம். எல்லாக் குதிரையும் ஒரே வேகத்துல நடக்கணும் இல்லையா? பிடிச்சு நடத்துறவர் அந்தச் சத்தத்துக்கு ஒரு ஒரு அடியா வைப்பார்."

"அத்த நிறுத்திட்டு நடக்க வெச்சுப் பாத்தீங்களா?"

அந்தப் பக்கம் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"தம்பி?"

"நிறுத்தினா ஒரே முறைல எடுத்ததா ஆகாது மேடம். டேட்டா செல்லாது."

"எங்க மிஸ்ரி ஆடுற குதிரைன்னு சார்கிட்ட நான் சொன்னப்போ நீயும் நின்னுக்கினுதானே இருந்த?"

எங்கோ ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் மெதுவாகச் சொன்னான். "அதை நோட் பண்ணியிருக்கோம் மேடம். 'உரிமையாளர் கூற்று, நம்பத்தக்கதல்ல'னு."

"இப்போ நீயே போய் அவராண்ட சொல்றியா?"

"என் தீசிஸ்ல அவர் கையெழுத்துப் போடணும் மேடம். இது ஆறாவது வருஷம்."

"சரி. நானே சொல்லிக்கிறேன்."

வியாழக்கிழமை காலையில் மூன்று பேரும் கிளம்பினார்கள். இனாயத் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, மிஸ்ரி நடுவில், கமர் ஜஹான் இடுப்பில் தவிட்டு டின்னோடு. ராஜா அண்ணாமலைபுரம் வழியாகப் போய்ப் பாலம் தாண்டுகிற வரைக்கும் இனாயத் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தான்.

"அவ்ளோ பெரிய டாக்டர், கமர். இது கூடவா தெரியாம இருக்கும்?"

"தெரிஞ்சுக்கிறதுக்கு டைம் இல்ல பாவம். பேர் வெக்கிறதுல பிஸியா இருந்துட்டாரு."

வாசலில் நாகராஜ் டின்னைப் பார்த்தான். "இன்னாக்கா இது?"

"தவுடு. நோயாளிக்கு."

"கொண்டு போ, கொண்டு போ. இன்னிக்கு உங்களையும் உள்ள வுட சொல்லிக்கீறாங்க. கையெழுத்து வாங்கணுமாம்."

கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். டெல்லிக்காரர்கள் இருவர். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி. கஸ்தூரிரங்கன் புதுச் சட்டை போட்டிருந்தார், முகம் மாப்பிள்ளைக் களையாக இருந்தது. இங்கிலீஷில் நிறையப் பேசினார். கமர் ஜஹானுக்குப் புரிந்தது ஒரே வார்த்தை. அவர் பெயர். அது நிறையத் தடவை வந்தது.

நிரஞ்சன் பீப்பரை அழுத்தினான். மிஸ்ரி காலைத் தூக்கியது, தாழ்ந்தது, தூக்கியது. டெல்லிக்காரர் ஒருவர் உச்சுக் கொட்டினார். வெளிநாட்டு அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். கஸ்தூரிரங்கன் ஒரு கையால் தாளையும் இன்னொரு கையால் பேனாவையும் இனாயத்திடம் நீட்டினார். பீப்பர் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. பேனா இனாயத்தின் விரலுக்கு வந்துவிட்டது. அவன் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"சார், கையெழுத்துக்கு முன்னாடி அந்த பீப்ப நிறுத்திட்டு ஒருவாட்டி நடக்க வெச்சிருங்க" என்றாள் கமர் ஜஹான்.

"அம்மா, இது நீங்க நெனைக்கிற மாதிரி வேடிக்கை இல்ல. இதுக்கு ஒரு முறை இருக்கு."

"முறையெல்லாம் நல்லா இருக்கட்டும் சார். நான் சாவப் போற குதிரைக்குக் கடைசி ஆசை கேக்குறேன். தூக்குல போடுறவனுக்கே கேப்பாங்க."

வெளிநாட்டு அம்மாள் என்னவென்று விசாரித்தாள். கஸ்தூரிரங்கன் ஏதோ சொல்லி மழுப்பப் போனார். அதற்குள் பீப்பர் தானாக நின்றது. கூடம் காலியான மாதிரி ஆகிவிட்டது.

"நிரஞ்சன்" என்றார் கஸ்தூரிரங்கன், திரும்பாமலேயே.

"பேட்டரி போயிடுச்சு சார்" என்றான் நிரஞ்சன். அவன் கட்டைவிரல் இன்னும் பொத்தான் மேல்தான் இருந்தது. கமர் ஜஹான் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

"நடங்க" என்றாள் புருஷனிடம்.

இனாயத் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கடிவாளத்தைப் பிடித்து நடந்தான். மிஸ்ரி அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் நடந்து வந்தது, கடைத்தெருவுக்குப் போகிற பெண்பிள்ளை மாதிரி, நேராக, தலை நிமிர்ந்து. சுவர்த் திரையில் கணினி ஒரு கோடு வரைந்துகொண்டிருந்தது. மலையும் இல்லை மடுவும் இல்லை, தரை.

கமர் ஜஹான் தவிட்டை அந்த ரப்பர் தரையில் கொட்டினாள், டின்னைக் கவிழ்த்தாள், இடுப்பிலிருந்து கரண்டியை எடுத்தாள். முதலில் பீப்பரின் வேகத்திலேயே தட்டினாள். மிஸ்ரி நொண்டியது. அப்படியே கல்யாண வேகத்துக்குப் போனாள். மிஸ்ரி காதை முன்னால் திருப்பி, இவ்வளவு நாளாக எங்கே போயிருந்தாய் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆட ஆரம்பித்தது. தூக்கி, நிறுத்தி, வைத்து, தாழ்ந்து, ஒரு சுற்று சுற்றி மறுபடி தூக்கி. டெல்லிக்காரர் ஒருவர் போனை எடுத்துப் படம்பிடித்தார். வெளிநாட்டு அம்மாள் சிரித்துக்கொண்டே கை தட்டினாள், தாளமும் தப்பவில்லை.

கமர் ஜஹான் நிறுத்தினாள். முந்தானையிலிருந்து வெல்லம் எடுத்துக் கொடுத்தாள். ஒன்றல்ல. இரண்டு வாரத்துப் பாக்கி.

இனாயத் காதிலிருந்த பேனாவை எடுத்துக் கஸ்தூரிரங்கனின் கையில் வைத்தான். "தாங்க்ஸ் சார்" என்றான். அதுவே போதுமானதாக இருந்தது.

இப்போது அந்த மனிதர் என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? தலையைக் குனிந்திருப்பார், மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று நினைத்தால் நீங்கள் நல்ல பிள்ளைகள், பெரிய படிப்பு படித்தவர்களோடு பழகாதவர்கள். கஸ்தூரிரங்கன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். விருந்தாளிகள் பக்கம் திரும்பினார்.

"இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்" என்றார், தமிழிலும் இங்கிலீஷிலும்.

அரை மணி நேரத்தில் சான்றிதழ் தயாராகிவிட்டது. வாசலுக்கு வந்து நிரஞ்சன்தான் கொடுத்தான்.

"படி தம்பி."

நிரஞ்சன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். "குதிரை எண் பன்னிரண்டு. கஸ்தூரிரங்கன் நடைக்கோளாற்றால் பாதிக்கப்பட்டிருந்தது. ஒலி விலக்கல் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஒரே அமர்வில் முழுமையாகக் குணமடைந்தது. பணிக்குத் தகுதி."

"ஒலி விலக்கல்னா?" என்றான் இனாயத்.

"பீப்பரை நிறுத்தினது சார்."

நாகராஜ் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "அப்போ எங்க வூட்டு டிவிக்கும் நான் வைத்தியம் பாக்குறேன்னு சொல்லு, தெனம் ராத்திரி."

"பொய்யி எயுதிக்கீறாரே கமர்" என்றான் இனாயத். "நம்ம குதிரைக்கு இல்லாத நோயை இருந்துச்சுன்னு."

கமர் ஜஹானுக்கு அந்தத் தாளை நாலாகக் கிழித்து ஆற்றில் போட வேண்டும் போல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் கல்யாணம். மண்டபத்துக்காரன் தாள் கேட்பான். அவனுக்கு மிஸ்ரியைப் பார்க்கத் தெரியாது, முத்திரையைப் பார்க்கத்தான் தெரியும்.

"தகுதின்ற வார்த்தை எங்க கீது, அத்த மட்டும் காட்டு" என்றாள்.

நிரஞ்சன் விரல் வைத்துக் காட்டினான். அவள் மற்ற வரிகளெல்லாம் உள்ளே போகிற மாதிரி, அந்த ஒரு வரி மட்டும் மேலே தெரிகிற மாதிரி மடித்து வாங்கிக்கொண்டாள். பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, எங்க மிஸ்ரி எட்டு மாசத்துல கத்துகினு வேலைக்குப் போயிட்ச்சு. உனக்கு இன்னா ஆறு வருஷம்?"

"தெரியல மேடம்."

"எனக்குத் தெரியும். உனக்கு யாரும் வெல்லம் குடுக்கல."

முந்தானையில் மிச்சமிருந்த ஒரு துண்டை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் உள்ளே ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, அதை வாயில் போட்டுக்கொண்டான்.

வெயில் ஏறிவிட்டது. அவர்கள் பாலத்துக்கு வந்தபோது, முன்னால் ஒரு தண்ணீர் லாரி வழி தப்பி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்திலிருந்து ஒரே சீராகச் சத்தம். பீப். பீப். பீப்.

பாலத்தின் நடுவில், பஸ்ஸும் ஆட்டோவும் பின்னால் நெருக்க, மிஸ்ரி இடது முன்னங்காலை மார்பு வரைக்கும் தூக்கியது.

இனாயத் கடிவாளத்தைச் சுருக்கிப் பிடித்தான். ஆய்வு மையத்தின் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். கமர் ஜஹான் டின்னை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, மிஸ்ரியின் கழுத்தில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள்.

"காலைக் கீழ வெச்சு நடடி என் கண்ணு. எவனாவது பாத்தா பேர் வெச்சிருவான்."